வளவும் விளைவும்



ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் சித்திரையும் வைகாசியும் கூடிய இரண்டு திங்களை இளவேனில் என்றனர். குளிர்நாட்டு மக்களுக்கு அப்பருவம் பனி உருகி மண் விழிக்கும் காலம். கொழும்பில் பனி பெய்து மண் உறைவதும் இல்லை. மரங்கள் முற்றாக இலையுதிர்த்து நிற்பதும் இல்லை. ஆயினும் இங்கும் மண்ணுக்கு ஒரு விழிப்பு உண்டு. அதனைக் கொண்டு வருவது வெயிலன்று, மழையே. 1961ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டு வரையான சராசரிக் கணக்கின்படி, கொழும்பில் தை பிறக்கும் சனவரி மாதத்தில் ஏறத்தாழ 58 மில்லிமீற்றர் மழையே பெய்கின்றது. சித்திரை பிறக்கும் ஏப்ரலில் அது 246 மில்லிமீற்றராகவும், தென்மேற்குப் பருவக்காற்று வந்து சேரும் மே மாதத்தில் 392 மில்லிமீற்றராகவும் உயர்கின்றது. காலையில் வெயில் காய்ந்து, பிற்பகலில் இடி முழங்கி, மாலையில் மழை கொட்டி ஓயும் அந்தச் சித்திரை நாட்களே இரத்மலானை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் இடுவோருக்கு உற்ற பருவமாகும்.

சித்திரை வருடப் பிறப்பின்பின் நல்ல நாள் பார்த்து ஏர் பூட்டும் வழக்கம் தமிழ் உழவரிடம் உண்டு. அதனை நாளேர் என்பர். சிங்கள மக்களும் அதே புத்தாண்டுக் காலத்தில் கன்று நாட்டுவதற்கென்று ஒரு சுபவேளை குறிப்பர். வேலிக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்வோர் ஒரே மழையை எதிர்பார்த்து ஒரே வாரத்தில் மண்வெட்டியைக் கையிலெடுக்கின்றனர். இரத்மலானை என்ற பெயரிலேயே தோட்டத்தின் சாயல் ஒன்று கேட்கின்றது. சிங்களத்தில் 'ரத் மல்' என்றால் செம்மலர்.

தோட்டம் என்றதும் விதை, எரு, நீர் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. வரலாறு நம்மிடம் வேறொரு வினாவைக் கேட்கின்றது. நம் வளவில் விளைந்தது யாருக்கு உரியது? இன்று இதற்கு விடை கூற எவரும் தயங்கார். ஆனால் இந்நாட்டில் சென்ற சில நூற்றாண்டுகளாக வீட்டுத் தோட்டத்தின் கதை இந்த வினாவைச் சுற்றியே நடந்து வந்திருக்கின்றது.

முதலில் கண்டி இராச்சியத்துக்குச் செல்வோம். இறொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660ஆம் ஆண்டு முதல் 1679ஆம் ஆண்டு வரை அங்கே சிறைப்பட்டு வாழ்ந்தவர். தாம் கண்டவற்றை 1681ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பழமரங்களைப் பற்றி எழுதுமிடத்தில் அவர் ஒரு செய்தியைக் கூறுகின்றார். குடியானவன் ஒருவனது வளவில் சிறந்த பழம் காய்த்திருப்பதை அரசனின் அலுவலர் கண்டால், மூன்று முடிச்சிட்ட கயிறொன்றை அம்மரத்தில் அரசன் பெயரால் கட்டிவிடுவர். அதன்பின் மரத்தின் சொந்தக்காரனும் அப்பழத்தைத் தொடலாகாது; தொட்டால் கடுந்தண்டனை. மூன்று முடிச்சு என்றால் நமக்கு நினைவில் வருவது மணவறை. அன்றைய மலைநாட்டுக் குடியானவனுக்கோ அது தன் மரம் தனதல்லாமற் போயிற்று என்பதன் அடையாளம். மண் அவனுடையது, நீரூற்றியவன் அவன், பழம் மட்டும் அவனுடையதன்று.

கடற்கரை நாட்டில் அதே காலத்தில் ஒல்லாந்தர் ஆட்சி நிலைபெற்றிருந்தது. அவர்கள் கயிறு கட்டவில்லை. அவர்களுக்கு வேண்டியது பழமும் அன்று. கறுவாப் பட்டையே அவர்கள் நாட்டம். ஐரோப்பியச் சந்தையில் பெருவிலை பெற்ற அப்பட்டையைத் தரும் மரம் இங்கே காடுகளில் தானாக வளர்ந்தது. பறவைகள் விதையைக் கொண்டு வந்து போடுவதால் வீட்டு வளவுகளிலும் முளைத்தது. தனியார் நிலத்தில் முளைத்த கறுவா மரமும் கொம்பனிக்கே உரியது என்பது ஒல்லாந்தர் சட்டம். அதனை வெட்டுதலும் அழித்தலும் களவாக உரித்தலும் கொடுங்குற்றங்கள். அவற்றுக்கு மரணதண்டனையும் விதிக்கப்பட்டிருந்தது. தன் வளவில் தானாக முளைத்த கன்றினைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவ்விடத்தில் ஒரு கத்தரிச் செடி நட இயலாத நிலை அது.

1765ஆம் ஆண்டு முதல் 1785ஆம் ஆண்டு வரை ஒல்லாந்தர் தேசாதிபதியாக விளங்கியவர் போல்க். காட்டுக் கறுவாவை நம்பியிராமல் அதனைத் தோட்டப் பயிராக்க அவர் முயன்றார். 1777ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த துன்பேர்க் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் அம்முயற்சியைப் பற்றிய ஒரு கதையை எழுதி வைத்துள்ளார். தேசாதிபதி முதலில் விதைத்த விதைகள் நன்கு முளைத்தனவாம்; பின்னர்க் கன்றுகள் காரணமின்றி வாடினவாம். ஆராய்ந்து பார்த்தபோது, கறுவா உரிக்கும் தொழிலாளி ஒருவன் இரவில் இரகசியமாக வந்து அவற்றின் வேரில் சுடுநீர் ஊற்றியது தெரியவந்ததாம். காட்டில் அலைந்து பட்டை உரித்துப் பிழைத்தவன், தோட்டத்திலேயே கறுவா வளருமாயின் தன் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சினான். அவன் செயலை நாம் மெச்ச வேண்டுவதில்லை. ஆனால் அவன் அச்சத்தை அறிந்துகொள்ளலாம். அக்கன்றுகள் அவனுக்காக நடப்பட்டவை அல்ல.

ஈற்றில் கறுவா தோட்டப் பயிராயிற்று. கொழும்பின் ஒரு பகுதி இன்றும் கறுவாத்தோட்டம் என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது. பட்டை உரித்த இடத்தில் பின்னாளில் மாளிகைகளும் பூந்தோட்டங்களும் எழுந்தன. பிரித்தானியர் ஆட்சியில், 1833ஆம் ஆண்டில், கறுவா மீதான அரசாங்கத்தின் தனியுரிமை ஒழிந்தது. அதன் பின்னரே வளவில் நிற்கும் கறுவா மரம் வளவுக்காரனின் மரமாயிற்று.

இனி, நம் தோட்டத்தில் நிற்கும் செடிகளின் பிறப்பிடத்தையும் சற்று ஆராய்வோம். மிளகாய் இல்லாத தமிழ்க் குசினியை எண்ணிப் பார்க்க முடியுமா? ஆயினும் அச்செடி அமெரிக்கக் கண்டத்தது. போர்த்துக்கேயர் வழியாக அது கீழைநாடுகளை வந்தடைந்தது. அதற்கு முன் நம் கறிக்குக் காரம் தந்தது மிளகு. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதனாலேயே புதியதற்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம். தக்காளி, பப்பாளி, கொய்யா, அன்னாசி, மரமுந்திரிகை, வற்றாளை, சோளம் ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. ஈரப்பலா பசிபிக் தீவுகளைத் தாயகமாகக் கொண்டது. மரவள்ளியை 1786ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவிலிருந்து இங்கே கொணர்வித்தவர் ஒல்லாந்தர் தேசாதிபதி வன் டி கிராவ் என்பர். முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி ஆகியன நம் பாரத உபகண்டத்துப் பழங்குடிகள். வல்லாரையும் பொன்னாங்காணியும் இந்நாட்டு ஈரமண்ணில் தாமாகவே படர்வன. ஆக, பத்துப் பேர்ச் நிலத்தில் பல கண்டங்களின் செடிகள் ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்து வளர்கின்றன. எது வந்தேறி, எது உரித்தானது என்று அவற்றை எவரும் வினவுவதில்லை.

பிரித்தானியர் காலத்தில் இத்தகைய அயற்செடிகளைக் கொணர்ந்து வளர்த்துப் பரப்புவது அரசாங்கத்தின் பணியாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பு கொம்பனித்தெருவில் ஒரு தாவரத் தோட்டம் அமைக்கப்பட்டது. இங்கிலாந்திலுள்ள புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரையொட்டி அதற்குக் கியூ என்று பெயரிட்டனர். அங்குள்ள கியூ வீதி அப்பெயரை இன்றும் நினைவூட்டுகின்றது. தோட்டம் 1813ஆம் ஆண்டில் களுத்துறைக்கும், 1821ஆம் ஆண்டில் பேராதனைக்கும் பெயர்ந்தது. பேராதனையில் பொறுப்பேற்ற அலெக்சாந்தர் மூன் 1824ஆம் ஆண்டில் இலங்கையில் வளரும் உள்நாட்டு, வெளிநாட்டுத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். எனினும் அக்காலத்து ஆட்சியாளரின் அக்கறை பெரும்பாலும் கோப்பி, சிங்கோனா, தேயிலை, இறப்பர் ஆகிய ஏற்றுமதிப் பயிர்களிலேயே நிலைத்தது. மலைநாட்டுத் தோட்டங்கள் விரிந்தன. சோறு பெரும்பாலும் கப்பலில் வந்தது. வீட்டு வளவின் கீரைக்கு ஆட்சியாளர் கணக்கில் இடமிருக்கவில்லை.

அந்தக் கணக்கின் பிழை 1942ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நாட்டுக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதிலும் பெரும்பங்கு பர்மாவினது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் 8ஆம் நாள் இறங்கூன் யப்பானியர் கைப்பட்டது. நான்கு கிழமைகள் கழிந்து, ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேல் திரண்டு வந்து கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தோடு இரத்மலானை விமானத்தளமும் அன்று இலக்காயிற்று. அங்கிருந்த போர்விமானங்கள் குண்டுமழைக்கிடையே மேலெழ நேர்ந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு அப்போது பத்து நாள்தானும் இல்லை. அவ்வாண்டு இளவேனில் இரத்மலானைக்கு வந்த விதம் அது.

அரிசிக்குப் பங்கீட்டு முறை வந்தது. கூப்பன் புத்தகம் குடும்பத்தின் முதற் சொத்தாயிற்று. கோதுமை மாவும் பாணும் சோறுண்ட மக்களின் நாளாந்த உணவில் இடம்பெறத் தொடங்கியது பெரும்பாலும் அக்காலத்திலேயே. விவசாய, காணி அமைச்சராக விளங்கிய டி. எஸ். சேனநாயக்கவின் காலத்தில் உணவு உற்பத்தி இயக்கம் நாடெங்கும் முடுக்கிவிடப்பட்டது. பூஞ்செடி நின்ற முற்றங்களில் மரவள்ளித் தடி ஊன்றப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் வந்து, ஏழைகளின் உணவென்று ஒதுக்கப்பட்டிருந்த கிழங்கு, எல்லா வீட்டு மேசையிலும் ஏறிற்று. அரசாங்கம் வளவுக்காரனைப் பார்த்து, 'உன் நிலத்தில் விளைவதை நீயே உண்' என்று கூறிய காலம் அது. மூன்று முடிச்சுக் கயிற்றை எண்ணிப் பார்த்தால் இம்மாற்றத்தின் அளவு விளங்கும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அரசாங்கம் அவ்வாறு கூறியது, தான் கொடுக்க வேண்டிய சோற்றைக் கொடுக்க இயலாத வேளையிலேதான்.

அதே குரல் 1970களிலும் கேட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரருக்கு அது நற்காலமாயிற்று; அவர்களது மிளகாயும் வெங்காயமும் தென்னிலங்கைச் சந்தையில் நல்ல விலை பெற்றன. கொழும்பு வாசிகளுக்கோ அது பாணுக்கும் வரிசையில் நின்ற காலம். ஒரே கட்டுப்பாடு ஒரு வளவை வாழ வைத்தது. மற்றொரு வளவுக்காரனை வாட்டியது. மரவள்ளி மறுபடியும் முற்றத்துக்கு வந்தது.

நேயர்களே, தோட்டத்துக்கு மண்ணும் நீரும் போலவே இன்றியமையாத மற்றொன்று உண்டு. நட்டவன் அங்கேயே இருப்பான் என்ற உறுதியே அது. சித்திரையில் நட்ட கத்தரியும் மிளகாயும் ஆடியில் காய்த்துக் குலுங்கும். 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் தமிழருக்கெதிராக எழுந்த வன்செயல்களில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்தன. இரத்மலானை விமான நிலையத்தின் விமானக் கொட்டகை அகதிகளின் தங்குமிடமாயிற்று. அங்கும் ஏனைய முகாம்களிலும் கிடந்தோரில் பலர் கப்பலேறி வடக்கே சென்றனர். அவர்கள் விட்டுச் சென்ற வளவுகளில் அவ்வாண்டுக் காய்கள் முற்றி உதிர்ந்திருக்கும். அல்லது வேறு கைகள் பறித்திருக்கும். திரும்பி வந்து, அதே நிலத்தில் மீண்டும் கன்று நட்டோரும் உளர். வேற்று நாட்டின் பனிமண்ணில் சாடி வைத்துக் கறிவேப்பிலைக் கன்றொன்றைக் குளிரிலிருந்து காத்து வளர்ப்போரும் உளர். கயிறு கட்டியவன் பழத்தை மட்டுமே எடுத்தான். இங்கே மண்ணே போயிற்று.

மிக அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கிற்றாயினும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றது. எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தை விட ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்தது. யூன் மாதத்தில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: அரசாங்க ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து தோட்டம் செய்வதற்காக மூன்று மாதங்களுக்கு விடுமுறை. போக்குவரத்துக்கு எரிபொருள் இல்லாமையும் அதற்குக் காரணம். 1942ஆம் ஆண்டின் குரல் எண்பது ஆண்டுகள் கழிந்து அச்சொட்டாகத் திரும்பி ஒலித்தது.

வீட்டுத் தோட்டத்தால் நாட்டுப் பஞ்சம் தீருமா என்று அப்போது பலரும் வினவினர். தீராது என்பதே நேர்மையான விடை. ஓர் ஏக்கர் 160 பேர்ச் கொண்டது. பத்துப் பேர்ச் காணியில் வீடும் கிணறும் போக எஞ்சும் நிலத்தில் ஒரு குடும்பத்துக்குச் சோறு விளைவிக்க இயலாது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழ்வோருக்கு மண்ணே இல்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வாழ்வோருக்கு வெயிலும் அருமை. ஆனால் கறிக்கு வேண்டிய கீரையும், மிளகாயும், முருங்கையும், இரண்டு பப்பாளியும் கடைக்குப் போகாமலே கிடைக்குமாயின், அக்காசு அரிசிக்கு மிஞ்சும். வளரும் பிள்ளையின் உணவில் பசுமையும் சேரும். வீட்டுத் தோட்டம் அரிசிக்கு மாற்றன்று, அரிசிக்குத் துணை. இவ்வளவில் அதனை எதிர்பார்த்தால் அது நம்மை ஏமாற்றாது.

அத்துணையைப் பெறுவதற்கான முறையையும் சுருங்கக் கூறுவோம். பங்குனியிலேயே நிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமே காய்கறிக்கு ஏற்றது. நிழலான இடத்தை வல்லாரைக்கு விட்டுவிடலாம். இரத்மலானையில் கடலை அண்டிய நிலம் மணற்பாங்கானது. உள்ளே செல்லச் செல்லக் கபுக் என்று மக்கள் கூறும் செந்நிறக் கல் தட்டுப்படும். மணலில் நீர் நிற்பதில்லை. கபுக்கில் வேர் இறங்குவதில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மக்கிய இலையும் மாட்டெருவும். ஒரு முழ ஆழம் கொத்தி, கல்லைப் பொறுக்கி, எருவும் சிறிது சாம்பலும் கலந்து, இரண்டு கிழமை ஆறவிட வேண்டும். மணல் நிலத்தில் தும்புச்சோறும் கலந்தால் ஈரம் நிலைக்கும். வைகாசி மழை வேரை அழுகச் செய்யாதிருக்கப் பாத்தியை அரையடி உயர்த்தி, பக்கத்தில் நீர் வடிய வாய்க்கால் விடுதல் வேண்டும்.

மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளைச் சிறு மேடையில் தூவி, கிடுகினால் நிழல் செய்து, நான்கு கிழமையளவில் பிடுங்கி நடலாம். நடுவதற்கு உற்ற வேளை மாலை. மிளகாய்க்கு ஒன்றரை அடி இடைவெளி போதும். கத்தரிக்கு இரண்டரை அடியாவது வேண்டும். வெண்டியையும் பயற்றையையும் விதைத்த இடத்திலேயே வளரவிட வேண்டும். முருங்கைக்கும் மரவள்ளிக்கும் தடியே விதை. பாகலும் புடோலும் வேலியிலோ பந்தலிலோ ஏறிக்கொள்ளும். மண் இல்லாதோர் பழைய வாளியின் அடியில் துளையிட்டு மண் நிரப்பினால் பலகணியிலும் மிளகாய் காய்க்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: சாடியின் கீழ்த் தட்டிலும், சிரட்டையிலும், வெற்று வாளியிலும் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். மழை ஓய்ந்ததும் அவற்றைக் கவிழ்த்து வைப்பது தோட்டக்காரரின் கடமை.

செடி வளர்ந்து காய்த்தபின் செய்ய வேண்டியதொன்று உண்டு. அதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர். முதற் காய்ப்பில் நல்ல காயொன்றைப் பறிக்காமல் முற்றவிட்டு விதை எடுத்து, சாம்பல் கலந்து உலர வைத்து, அடுத்த பருவத்துக்குப் பேண வேண்டும். அதில் ஒரு பிடியை அயல் வீட்டாருக்கும் கொடுத்து வைப்பது நன்று. நம் பாத்தி ஓராண்டு அழிந்தாலும் விதை வேலிக்கு அப்பால் உயிரோடிருக்கும். நாம் கேட்கும்போது திரும்பி வரும்.

அரசன் கட்டிய கயிறு அறுந்தது. கொம்பனியின் சட்டம் மறைந்தது. போர்க்காலக் கூப்பனும் போயிற்று. இத்தனைக்கும் பின்பு, சித்திரை மழையில் நனைந்த ஒரு பிடி மண்ணில் மிளகாய்க் கன்றொன்றை ஊன்றுபவர், ஆடியில் அதன் காயைத் தாமே பறிப்போம் என்ற நம்பிக்கையோடு ஊன்றுகின்றார். அந்த நம்பிக்கை இந்நாட்டின் ஒவ்வொரு வளவிலும் பொய்யாகாதிருத்தல் வேண்டும். எந்த உரத்தினும் அதுவே தோட்டத்துக்கு முதல் உரம்.